தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓட வேண்டியதில்லை

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி நான். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். போன மாதம் என்னை நியூக்ளியர் மெடிசின் வார்டுக்கு மாற்றினார்கள். தைராய்டு கேன்சருக்கு அயோடின், புராஸ்டேட் கேன்சருக்கு லுட்டீசியம் என்று கதிரியக்க மருந்து வாங்கும் நோயாளிகள் இங்கே தங்குகிறார்கள். சீனியர்கள் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறார்கள். நானும் அப்படியே செய்கிறேன். சென்ற வாரம் லுட்டீசியம் ஊசி போட்ட பெரியவர் ஒருவர், "என்னைத் தொட்டா உனக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. "அந்த வார்டு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு" என்கிறார் மாமியார். நான் எவ்வளவு பக்கத்தில் போகலாம்? வேலையை மாற்றிக் கேட்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது என்று பார்ப்போம். அவர் இன்னொரு சுற்று ஊசிக்கு வருவார், மறுபடியும் கேட்பார். இப்படிச் சொல்லுங்கள்: "தொட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா. கையுறை போட்டுக்கிட்டுத் தொடுவேன். ரொம்ப நேரம் பக்கத்துலயே நிக்கக் கூடாது, அவ்வளவுதான். கூப்பிட்டா வருவேன்." இதில் ஒரு சொல்கூட ஆறுதலுக்காகச் சேர்த்தது கிடையாது, எல்லாமே உண்மை. ஏன் உண்மை என்று தெரிந்துகொண்டால்தான் முகம் மாறாமல் சொல்ல வரும். அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

இந்த மருந்துகள் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே பீட்டா கதிரை வீசுகின்றன. பீட்டா கதிர் திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும். நோயாளிக்குப் பலன் தருவது அதுதான், அது அவர் உடம்போடு நின்றுவிடும். கூடவே வரும் காமா கதிர்தான் உடம்பைத் தாண்டி நம்மை எட்டுகிறது. அயோடின்-131-இல் இந்தக் காமா அதிகம், வீரியமும் கூடுதல். லுட்டீசியம்-177-இல் அது குறைவு. ஒரே அளவு மருந்து கொடுத்தாலும் அயோடின் நோயாளியின் பக்கத்தில் நிற்பதும் லுட்டீசியம் நோயாளியின் பக்கத்தில் நிற்பதும் ஒன்றாகாது. உங்கள் வார்டில் இரண்டு அறைக்கும் ஒரே பயம் காட்டப்படுகிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் அயோடின் சிகிச்சை பெற்றவரை வீட்டுக்கு அனுப்ப, ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. மைக்ரோசீவெர்ட் என்பது உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு. அந்த 50-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் ஆறு நிமிடம் நின்றால் 5 மைக்ரோசீவெர்ட். இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் கால் பங்காகிவிடும், அதே ஆறு நிமிடத்துக்கு 1.25. மூன்று மீட்டரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் 1 மைக்ரோசீவெர்ட்கூட வராது. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 20 மைக்ரோசீவெர்ட் வருகிறது. கதிரியக்கப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்கும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 20 மில்லிசீவெர்ட் என்பது 20,000 மைக்ரோசீவெர்ட். பெரிய டோஸ் அயோடின் குடித்த முதல் நாளில் அறையின் அளவு நான் சொன்ன 50-ஐவிடப் பல மடங்கு இருக்கும். அன்றைக்குத் தூரமும் நேரமும் இன்னும் கறாராக வேண்டும். அன்றைக்கும் மூன்று மீட்டரில் நின்று பேசத் தடையில்லை.

இங்கே ஒரு விஷயம். எக்ஸ்ரே அறையில் போடும் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு அயோடின் அறைக்குள் போனால் பத்திரம் என்று பல வார்டுகளில் நம்புகிறார்கள். அயோடினின் காமாவுக்கு அந்த மெல்லிய ஈயம் பெரிதாகத் தடை போடாது. அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு வேலை மெதுவானால் உள்ளே நிற்கும் நேரம்தான் கூடும். தள்ளி நகர்த்தும் கனமான ஈயத் திரை இருந்தால் அதைக் கட்டிலுக்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள், அது காக்கும்.

அடுத்தது, கதிர் படுவதும் மருந்து ஒட்டுவதும் வேறு வேறு என்பது. அடுப்புப் பக்கம் நின்றால் அனல் அடிக்கும், நகர்ந்தால் நின்றுவிடும். கங்கு புடவையில் விழுந்தால் நகர்ந்து பயனில்லை, தட்டிவிட்டாக வேண்டும். நோயாளியின் சிறுநீர், எச்சில், வியர்வை, வாந்தி, இவைதான் அந்தக் கங்கு. லுட்டீசியம் மருந்தில் பெரும்பங்கு முதல் ஓரிரு நாட்களிலேயே சிறுநீரில் வந்துவிடுகிறது. அதனால் இரட்டைக் கையுறை, கால் உறை, கவுன், வெளியே வரும்போது கை கால்களைக் கதிர் அளக்கும் சர்வே மீட்டரில் காட்டுவது, இந்த வரிசை ஒரு நாளும் தப்பக் கூடாது. சிந்தினால் உறிஞ்சும் தாளைப் போட்டு மூடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து துடைத்தால் பரவும். மிதித்துக்கொண்டு வெளியே வராதீர்கள், நின்ற இடத்திலிருந்தே ஆர்.எஸ்.ஓ.வை, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வருவது. இந்த வார்டில் நர்சிங் வேலையின் முக்கால் பங்கு டோஸ் கொடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டோஸ் போவதற்கு முன் அந்த நோயாளி மற்ற வார்டு நோயாளி மாதிரிதான். பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். அந்த நேரத்தைக் கேஸ் ஷீட் எழுதுவதில் கழித்துவிட்டு, டோஸ் போன பிறகு "சார், மூத்திரம் அடக்க முடியலைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கதவுக்கு வெளியே நின்று கத்துவதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

அதனால் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? அவசரமாக வந்தால் அடக்க முடிகிறதா? முடியாது என்றால் டாக்டரிடம் சொல்லி டோஸுக்கு முன்பே கதீட்டர் போட்டுவிடலாம், யூரோபேக்கை எப்போது, யார் காலி செய்வது என்றும் முடிவு செய்யலாம். புண் இருந்தால் கட்டுப் பிரித்துப் புதிதாகக் கட்டுங்கள். வயிற்றில் மலம் சேரும் கொலோஸ்டமி பை இருந்தால் புதிதாக மாற்றுங்கள். சர்க்கரை நோயாளி தானே இன்சுலின் போட்டுக்கொள்வாரா என்று உங்கள் கண் முன்னால் போடச் சொல்லிப் பாருங்கள், "தெரியும்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மூக்குக் கண்ணாடி, காது மெஷின், போன் சார்ஜர், வாக்கர், வலி மாத்திரை எல்லாம் கை எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நின்றுகொண்டு போய்த் தரையெல்லாம் தெறித்தால் அடுத்து அங்கே கால் வைப்பது நீங்களோ துப்புரவுப் பணியாளரோதான். துப்புரவுப் பணியாளருக்கு யாருமே எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவரையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள்.

மருந்து வீணாகாமல் இருப்பதும் இதே முன்வேலையில்தான் இருக்கிறது. லுட்டீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள், அயோடினுடையது 8 நாள். மும்பை டிராம்பேயில் உள்ள அணு உலையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ குறிப்பிட்ட நோயாளிக்கென்று வரும் மருந்து அது. பிளேட்லெட் குறைவு, கிரியாட்டினின் கூடுதல் என்று அன்று காலையில் தெரிந்தால் ஊசி தள்ளிப்போகும், மருந்து பாட்டிலிலேயே தேய்ந்துகொண்டிருக்கும். ரத்த ரிப்போர்ட்டைத் துரத்திப் பிடிப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் இதை யார் தலையிலும் கட்டாமல் நீங்களே பாருங்கள்.

லுட்டீசியத்தில் இரண்டு விதம் பார்ப்பீர்கள், ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி) கொடுப்பது, அந்தக் கட்டியைத் தேடி ஒட்டும் டோட்டாடேட் என்ற பொருளோடு சேர்ந்தது. வழக்கமாக 7.4 கிகாபெக்கரல் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு), எட்டு வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை. சிறுநீரகத்தைக் காக்க லைசின், ஆர்ஜினின் கலந்த அமினோ அமில டிரிப் இதற்குக் கட்டாயம். மருந்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, மருந்து முடிந்த பிறகும் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். அன்றைய தினத்தின் கஷ்டமெல்லாம் இந்த டிரிப்பில்தான். நோயாளி முதலில் சும்மா இருப்பார். பிறகு பேச்சு குறையும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பார், மேல் உதட்டில் வியர்வை பூக்கும். அடுத்து வருவது வாந்திதான். அந்த முகத்தைக் கண்ணாடி வழியாகவோ கேமராவிலோ பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்த நர்ஸ் அந்த அறைக்குப் பெரிய பாதுகாப்பு. வாந்தி தடுப்பு ஊசியை டிரிப்புக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். டிரிப் வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று உடனே கேளுங்கள். லைசினும் ஆர்ஜினினும் மட்டும் கலந்த டிரிப்பில் வாந்தி குறைவு, எல்லா அமினோ அமிலமும் சேர்ந்த கடை பாட்டிலில் அதிகம். எது தொங்குகிறது என்று லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் ஏறலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். திடீரென்று முகம் சிவந்து, வயிற்றுப்போக்கோடு ரத்த அழுத்தம் தடுமாறினால், கட்டியிலிருந்து ஹார்மோன் கொட்டுகிறது என்று பொருள். அதை அடக்கும் ஆக்ட்ரியோடைட் மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பெரியவருக்குப் போட்டது பி.எஸ்.எம்.ஏ. வகை, புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லில் போய் ஒட்டுவது. இதற்கு அமினோ டிரிப் வேண்டாம். அளவு அதே 7.4 கிகாபெக்கரல், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை வரை. 2021-இல் வெளியான விஷன் என்ற ஆய்வில், இந்த மருந்து வாங்கியவர்களில் சோர்வு சுமார் 43 சதவீதம் பேருக்கும் வாய் உலர்தல் சுமார் 39 சதவீதம் பேருக்கும் வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த மருந்து போய் உட்காருவதுதான் காரணம். நம் ஊர்ப் பெரியவர்கள் வாய் உலர்வதை ஒரு நோயாகவே சொல்ல மாட்டார்கள். "சோறு இறங்கலம்மா" என்பார்கள், வீட்டார் பசியில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். குழைந்த சோறு, ரசம், மோர், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், காரம் குறைவு என்று இறங்கிவிட்டால் எடை குறையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நோயாளிகளில் பலருக்கு முதுகெலும்பில் நோய் இருக்கும். "கால் மரத்துப் போச்சு", "எழுந்தா தள்ளாடுது", "மூத்திரம் வரல" என்று எவர் சொன்னாலும் தண்டுவடம் நசுங்குகிறதா என்று டாக்டர் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். வாசலில் தட்டை வைத்துவிட்டு ஓடினால் இந்தச் சொற்கள் நம் காதில் விழாமலே போய்விடும். ஓடுவதைப் பற்றி எனக்குள்ள கோபமெல்லாம் இதனால்தான்.

அயோடின் அறையின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பெண்கள், பலர் இளம் தாய்மார்கள். தைராக்சின் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, அயோடின் உப்பும் கடல் மீனும் இல்லாமல் சப்பென்று சாப்பிட்டு, உடம்பு ஊதி, மலம் இறுகி, காரணம் தெரியாமல் அழுகை வரும் நிலையில் வந்து சேர்வார்கள். தைராய்டு ஹார்மோன் இல்லாததால் வரும் அழுகை அது, மனப் பலவீனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மலச்சிக்கலை முன்பே சரிசெய்யுங்கள், மருந்து குடலில் தங்கும் நேரம் குறையும். தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் டோஸுக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவே முடியாது. இதைக் கடைசி நாளில் கேட்கும் தாயின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கொடுமை இந்த வார்டில் எனக்கு வேறில்லை. முதல் தடவை ஓ.பி.க்கு வரும்போதே சொல்லிவிடும்படி உங்கள் டாக்டரிடம் வற்புறுத்துங்கள்.

நோயாளி மயங்கி விழுந்தாலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டாலோ கணக்கெல்லாம் அப்புறம். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள், சி.பி.ஆர். செய்யுங்கள். அதில் உங்களுக்கு வரும் கதிர் உங்கள் உயிருக்கு ஆபத்தானது அல்ல, தாமதம் அவர் உயிருக்கு ஆபத்து. யார் உள்ளே ஓடுவது, யார் ஆர்.எஸ்.ஓ.வைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்து ஒத்திகையும் பாருங்கள்.

இனி உங்கள் மாமியார் கேள்வி. அவர் பயப்படுவது உங்கள் மேல் உள்ள அக்கறையால்தான், சண்டை வேண்டாம். விவரத்தைச் சொல்லுங்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு வீச்சில் தப்பியவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவந்தும் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. அந்தப் பெற்றோரில் பலர் வாங்கிய அளவுக்குப் பக்கத்தில்கூட நம் வார்டுக் கணக்கு வராது. உங்கள் மாவட்டத்திலேயே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடக் கூடுதல். தலைமுறை தலைமுறையாக அங்கே மக்கள் குடியிருந்து பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் காலத்தில் இந்த வார்டில் வேலை செய்யலாம். நாள் தள்ளிப்போனால் மறுநாளே பரிசோதனை செய்யுங்கள், உறுதியானால் அன்றைக்கே ஆர்.எஸ்.ஓ.விடமும் நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடமும் எழுத்தில் கொடுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று வெளியே சொல்லாமல் இருக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் மட்டும் வேண்டாம். சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. அயோடின் அறைக்குள் அதன் பிறகு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. சிசுவின் தைராய்டு சுமார் பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும், கையில் ஒட்டிய துளிகூட அங்கே கணக்கில் வரும்.

இதற்கெல்லாம் ஆதாரம், உங்கள் மேல் பட்ட கதிரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ். மார்பு உயரத்தில் போடுங்கள், மற்றவருக்குக் கொடுக்காதீர்கள், கதிரியக்க மருந்தை வைத்திருக்கும் ஹாட் லேபில் மறந்து வைக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் எண் வார்டில் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக வந்தால் மனதுக்குள் பயந்துகொண்டு இருக்காமல் ஆர்.எஸ்.ஓ.வை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த வேலையில் நேரம் இழுக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். பேட்ஜே தராமல் அந்த அறைக்குள் அனுப்பினால் மட்டும் மறுத்துவிடுங்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போன பிறகு. உங்களைக் கேட்ட அதே கேள்வியை அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்து மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் உள்ளதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது. அவர் வீட்டில் எத்தனை அறை, கழிப்பறை எந்த மாதிரி, மருமகள் கர்ப்பமா, ஊருக்கு எதில் போகிறார் என்று கேட்டு அதற்குத் தகுந்தபடி சொல்லுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் போய்விட்டு வந்ததும் கால் வைக்கும் இடத்திலும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். துணி தனியாகத் துவைக்க வேண்டும், படுக்கை தனி, குறிப்பிட்ட நாள் வரை சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாள் எது என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு தூக்கிக் கொஞ்சலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தேதி சொல்லாமல் விட்டதால் மாதக்கணக்கில் திண்ணையிலேயே படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. பஸ்ஸில் போவதாக இருந்தால் கர்ப்பிணியோ குழந்தையோ பக்கத்தில் உட்காராத இருக்கையாகப் பார்க்கச் சொல்லுங்கள், காராக இருந்தால் ஓட்டுநருக்குக் குறுக்கே பின் இருக்கை. விமான நிலையக் கருவிகள் சில நாள் கூவலாம், கடிதம் கையில் இருக்கட்டும்.

வேலையை மாற்றிக் கேட்காதீர்கள் என்று நான் கட்டளையிட முடியாது. கேட்பதற்கு முன் ஒரு ஷிஃப்டில் இதைச் செய்து பாருங்கள்: ஆர்.எஸ்.ஓ.வை அழைத்து, உங்கள் அறை வாசலில், மூன்று மீட்டரில், கட்டிலருகில் என்று மூன்று இடத்திலும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த மூன்று எண்களையும் தேதியும் நேரமும் போட்டு நர்சிங் ஸ்டேஷன் பலகையில் எழுதி வையுங்கள். உங்கள் சீனியர்களும் அதைப் படிக்கட்டும்.